கழிக்கத் தெரிந்தவருக்கே காலித் தோட்டா

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: குழலை விட்டுப் பறக்கும் குண்டு, அதை உந்தித் தள்ளும் வெடிமருந்து, அந்த மருந்துக்குத் தீமூட்டும் பிரைமர், இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளை உறை. விசையை அழுத்திய கணத்தில் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்து வாயுவாகிவிடுகிறது, பிரைமர் ஒரே அடியில் தன் வேலையை முடித்துவிடுகிறது. உறை மட்டும் ஏறக்குறைய முழு உருவத்தோடு வெளியே வந்து விழுகிறது. நம் ஊரில் அது செய்தித்தாள்களில் தடயப்பொருளாக மட்டுமே பேசப்படும் பொருள். அமெரிக்காவிலோ அது ஒரு பெரிய பொழுதுபோக்குக் கைத்தொழிலின் மூலப்பொருள். வேட்டைக்காரர்களும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களும் சுட்டு முடித்த உறைகளைப் பொறுக்கி எடுத்து, சுத்தம் செய்து, வடிவத்தைச் சரிசெய்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் பொருத்தி மறுபடி பயன்படுத்துகிறார்கள். அந்நாட்டுக் கூட்டரசுச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்காக இப்படித் தயாரிக்கத் தனி உரிமம் தேவையில்லை. விற்பனைக்காகத் தயாரிப்பதற்குத்தான் தேவை.

இந்தத் தொழிலின் பெருமையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சிக்கனத்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதில் பொய்யில்லை. பெரும்பாலான ரைஃபிள் தோட்டாக்களில் விலை கூடிய பகுதி உறைதான்; அதை மறுபடி பயன்படுத்தினால் செலவு குறைகிறது. ஆனால் சிக்கனத்தை மட்டுமே அளவுகோலாக வைத்திருப்பவர் உறையைத் தூக்கி எறியத் தயங்குவார். அந்தத் தயக்கம்தான் இந்தத் தொழிலின் பெரிய ஆபத்து. ஒரு பொருளை மறுபடி பயன்படுத்தும் தகுதி, அதை எப்போது கழிக்க வேண்டும் என்று தெரிந்திருப்பவருக்கே உண்டு என்பதும், அதைத் தெரிந்துகொள்ள அந்தப் பொருள் கடந்துவந்த வரலாறு கையில் இருக்க வேண்டும் என்பதும்தான் என் வாதம். பித்தளை உறையின் ஒவ்வொரு அங்கமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியம் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் பயன்படும்.

முதலில், ஏன் பித்தளை என்ற கேள்வி. தோட்டா உறைக்குப் பயன்படும் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். வெடிமருந்தைச் சுமந்து செல்லும் டப்பாவாக இருப்பது மட்டும் உறையின் வேலையல்ல. மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தில் உறை உப்பி, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டினால்தான் கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னால் வராமல், குண்டைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகும். அழுத்தம் இறங்கியதும் உறை சற்றுச் சுருங்கி, சுவரை விட்டு விலக வேண்டும். விலகாவிட்டால் வெளியே இழுக்க முடியாது. விரிவதற்கு நெகிழ்வும், மீள்வதற்கு விறைப்பும் ஒரே உலோகத்தில் வேண்டும். எஃகும் விரியும், மீளும்; ஆனால் அதன் மீள்தன்மை எண் பித்தளையைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால், ஒரே வலிமையுள்ள இரு உறைகளில் எஃகு உறை குறைவாகவே மீளும். அலுமினிய உறைகளும் சந்தையில் உண்டு. அவை பொதுவாக ஒருமுறை சுட்டுவிட்டு எறிவதற்கென்று செய்யப்படுபவை. விரிவதும் மீள்வதும், பின்பு அச்சில் அழுத்தி உருவம் திருத்தப்படுவதும், மறுபடி விரிவதுமாகப் பலமுறை தாங்கக்கூடிய உலோகமாகப் பித்தளை நிற்கிறது.

ஆனால் இந்தத் தாங்கும் திறனுக்கு எல்லை உண்டு. பித்தளையைக் குளிர்ந்த நிலையில் அடித்தாலும் வளைத்தாலும் அழுத்தினாலும் அது இறுகிக்கொண்டே போகும். பாத்திரம் அடிக்கும் கன்னார்களுக்கு இது பரம்பரையாகத் தெரிந்த செய்தி: சிறிது நேரம் தட்டியதும் தகடு விறைத்துவிடும், அதற்கு மேலும் தட்டினால் பிளக்கும், ஆகவே தீயில் காட்டி இளக்கிய பிறகே வேலையைத் தொடர்வார்கள். தொழிற்சாலையிலும் இதே விதிதான். ஒரு வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைப் படிப்படியாக நீண்ட குழாயாக இழுக்கிறார்கள். நடுநடுவே சூடாக்கி இளக்குகிறார்கள். முடிவில் ஒரே உறைக்குள் இரண்டு வகைப் பித்தளை உருவாகிவிடுகிறது. குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து இளக்கமாகவும், பிரைமரைத் தாங்கும் அடிப்பகுதி கடினமாகவும் இருக்கும்படி செய்யப்படுகிறது. ராணுவத் தோட்டாக்களின் கழுத்துப் பக்கத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் நிறமாற்றம் இந்தச் சூட்டின் தடம். விற்பனைத் தோட்டாக்களில் அதை மெருகேற்றி அழித்துவிடுகிறார்கள். மறுபயன்பாட்டாளரும் சில சுற்றுகளுக்கு ஒருமுறை கழுத்தைச் சூடாக்கி இளக்கலாம். அடிப்பகுதியைச் சூடாக்கவே கூடாது. அடி இளகிவிட்டால் அடுத்த வெடிப்பின் அழுத்தத்தை அதனால் தாங்க முடியாது. இளகிய அடியை வீட்டுப் பட்டறையில் மறுபடி கடினமாக்கவும் வழியில்லை.

உறைக்கு முடிவு மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது கழுத்து. ஒவ்வொரு சுற்றிலும் கழுத்து விரிகிறது, அச்சில் சுருக்கப்படுகிறது, குண்டைச் செருகும்போது மறுபடி சிறிது விரிகிறது. இறுகிப்போன கழுத்து ஒருநாள் நீளவாக்கில் கீறல் விடும். இது கண்ணுக்கு எளிதில் தெரியும். விளைவும் பெரும்பாலும் சிறியதே. வாயுவை முன்பக்கமே கசியவிடும் அந்த உறையைக் குப்பையில் போட்டால் போதும். ஆனால் ஒரு கட்டில் இரண்டு மூன்று கழுத்துகள் கீறியிருந்தால், மீதியுள்ளவையும் அதே அளவு இறுகிப்போயிருக்கும் என்று பொருள். கீறிய ஒன்றை மட்டும் எறிந்துவிட்டு மற்றவற்றை வழக்கம்போல நிரப்புபவர், அந்த உறை சொன்ன செய்தியில் பாதியை மட்டுமே காதில் வாங்கியிருக்கிறார்.

இரண்டாவது முடிவு இதைவிடக் கொடியது. கழுத்தருகே குறுகித் தோள்போல அமைந்த ரைஃபிள் உறைகளில், சுடும்போது உலோகம் முன்னோக்கி நீள்கிறது. உறையின் நீளம் கூடுவதால் ஒவ்வொரு முறையும் அளந்து வெட்ட வேண்டியிருக்கிறது: .308 வின்செஸ்டர் உறையின் உச்ச நீளம் 51.18 மி.மீ., .223 ரெமிங்டன் உறைக்கு 44.70 மி.மீ. வெட்டி எறியும் அந்தத் துளிப் பித்தளை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆபத்தின் இருப்பிடம் தெரியும். அதில் ஒரு பங்கு, அடிப்பகுதியின் கனமான தட்டு முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடத்திலிருந்து வந்தது. அங்கே சுவர் சுற்றுக்குச் சுற்று மெலிந்துகொண்டே போகிறது. வெளியே பளபளப்பான ஒரு வளையம் தெரியலாம். தெரியாமலும் போகலாம். ஆகவே, நுனி வளைத்துக் கூராக்கிய மெல்லிய கம்பியை உறைக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். உள்ளே பள்ளம் தட்டுப்பட்டால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. அதைக் கவனிக்காமல் நிரப்பினால் அடிப்பகுதி ஒரு துண்டாகவும் உடல் ஒரு துண்டாகவும் பிரிந்துவிடும். வாயு பின்னால் பாயலாம். இதற்குப் பெரும்பாலும் காரணம் உருவம் திருத்தும்போது காட்டும் அலட்சியம்தான். உறையின் தோளை ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குப் பின்தள்ளினால் போதும் என்ற இடத்தில் அதைப் பல மடங்கு தள்ளிவிட்டால், அடுத்த வெடிப்பில் அவ்வளவு தூரத்தையும் உலோகம் நீண்டே ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பிரைமர் அமரும் குழி. அதிக அழுத்தம் பலமுறை தாக்கினால் அடித்தட்டே சற்று விரிந்து, குழி தளர்ந்துபோகும். புதிய பிரைமரை அமர்த்தும்போது கைக்குத் தெரிய வேண்டிய எதிர்ப்பு இல்லாமல் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் அதுதான் அடையாளம். பிரைமரைச் சுற்றிக் கரிப்படிவ வளையம் தெரிந்தால் அங்கே வாயு கசிந்திருக்கிறது. தளர்ந்த குழி, மெலிந்த சுவர் இரண்டுக்குமே மருத்துவம் கிடையாது. கழுத்தின் இறுக்கத்தைச் சூட்டால் போக்கலாம். மற்ற இரண்டையும் ஏற்றுக்கொண்டு கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சீர்படுத்தக்கூடிய குறையையும் சீர்படாத குறையையும் பிரித்தறிவதே இங்கே முதல் பாடம்.

அப்படியானால் ஓர் உறையை எத்தனை முறை பயன்படுத்தலாம்? புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. ஆனால் அப்படி ஓர் எண் கிடையாது. .38 ஸ்பெஷல் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .45 ஏ.சி.பி.க்கு 21,000, .223 ரெமிங்டனுக்கு 55,000, .308 வின்செஸ்டருக்கு 62,000. முதல் இரண்டும் நேர்ச்சுவர் கொண்ட கைத்துப்பாக்கி உறைகள். அவை தேய்ந்து சாவதற்கு முன்பே புல்லில் தொலைந்துபோவதுதான் வழக்கம். பின்னிரண்டும் ஒவ்வொரு முறையும் தம் உயிரில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன. ஒரே அளவுள்ள உறையே மிதமான மருந்தோடும் இறுக்கமான தோட்டா அறையோடும் நீண்ட நாள் வாழும். முழு அழுத்தத்தோடும் தளர்ந்த அறையோடும் சில சுற்றுகளிலேயே முடிந்துவிடும். ஆயுளைத் தீர்மானிப்பது எண்ணிக்கை அல்ல, பட்ட பாடு. பட்ட பாட்டை அறியாதவர் எண்ணிக்கையை மட்டும் அறிந்து பயனில்லை.

இதற்கு நம் நாட்டு மண்ணிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்களில் மழைக்காலத்தில் விரிசல்கள் கண்டன. அவை சுடப்படாத, புத்தம்புதிய தோட்டாக்கள். மழை ஓயும்வரை அவற்றைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். லாயத்தில் குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் காற்றின் ஈரமும், தொழிற்சாலையில் இழுக்கப்பட்டபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் ஒன்றுசேர்ந்துதான் பித்தளையைப் பிளந்தன. பருவத்தோடு வந்துபோனதால் அதைப் பருவ விரிசல் என்றே அழைத்தார்கள். காரணத்தை அறிவியல் முறையில் தெளிவாக விளக்கியது மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-இல் வெளியிட்ட ஆய்வு. உள்ளே தங்கிய இறுக்கத்தை மிதமான சூட்டால் தணித்துவிட்டால், அம்மோனியா பட்டாலும் விரிசல் விழும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்பது அதிலிருந்து கிடைத்த நடைமுறைப் பாடம். வெளியே பளபளக்கும் உறைக்குள் எவ்வளவு இறுக்கம் தங்கியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. அது எந்தக் காற்றில் கிடந்தது என்பதும் தெரியாது. இன்றைக்கும் அம்மோனியா கலந்த மெருகுத் திரவங்களால் உறைகளைத் துடைக்கக் கூடாது என்று அனுபவசாலிகள் வலியுறுத்துவது இதனால்தான். பளபளப்பைக் கொடுக்கும் அதே திரவம் விரிசலையும் கொடுக்கக்கூடும்.

பாதரசம் இன்னொரு சாட்சி. பழைய பிரைமர்களில் பாதரச ஃபல்மினேட் என்ற வெடிபொருள் இருந்தது. கரிமருந்து எரிந்த காலத்தில் ஏராளமாகப் படியும் கரியும் சாம்பலும் பாதரசத்தை நீர்க்கச் செய்து, உறையை ஓரளவு காப்பாற்றின. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் புகையில்லா மருந்து வந்ததும் அந்தக் கவசம் போய்விட்டது. விடுபட்ட பாதரசம் பித்தளையோடு கலந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கியது. காலித் தோட்டாக்களை மறுபடி நிரப்பும் பழக்கம் அமெரிக்கப் படையில் அதற்கு முன்பே ஊறியிருந்தது; எல்லைப்புறக் கோட்டைகளில் .45-70 தோட்டாக்களை வீரர்களே நிரப்பிக்கொள்ளக் கருவிகள் கொடுக்கப்பட்டிருந்தன. ஆகவே, பாதரசம் தொட்ட உறையை மறுபடி நம்ப முடியாது என்பது அவர்களுக்கு ஏட்டறிவாக இல்லாமல் கையறிவாகவே சேர்ந்தது. கழுவினாலும் போகாத, சூடாக்கினாலும் தீராத கேடு அது. உறையைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எந்தக் காலத்தில், எந்தப் பிரைமரோடு சுடப்பட்டது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

ஆகவே தேர்வு உறையின் அடித்தட்டிலிருந்து தொடங்குகிறது. அங்கே குத்தப்பட்ட முத்திரை, செய்தவர் யார், எந்த அளவு, ராணுவ உறையானால் எந்த ஆண்டு என்பதைச் சொல்லும். மிசூரி மாநிலத்தின் லேக் சிட்டி ராணுவத் தோட்டாத் தொழிற்சாலையில் செய்தவற்றில் எல்.சி. என்ற எழுத்துகளும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களும் இருக்கும். அடுத்து பிரைமரின் வகை. 1860களில் இரண்டு பேர் இரண்டு வகை பிரைமர்களை உருவாக்கினார்கள். பிரிட்டிஷ் அதிகாரியான எட்வர்ட் பாக்ஸரின் முறையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளை. மெல்லிய ஊசியை உள்ளிருந்து தள்ளினால் பழைய பிரைமர் கழன்றுவிடும். அமெரிக்கரான ஹைரம் பெர்டனின் முறையில் உறையிலேயே ஒரு சிறு பட்டடை, அதன் இருபுறமும் இரண்டு துளைகள். அந்தப் பிரைமரைக் கழற்றுவது பெரும்பாடு. பிரிட்டிஷ்காரரின் முறை அமெரிக்காவில் வேரூன்றியது, அமெரிக்கரின் முறை ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்காவில் இந்தக் கைத்தொழில் இவ்வளவு செழித்ததற்கு அந்த ஒற்றை நடுத்துளை ஒரு பெரும் காரணம். காந்தத்தில் ஒட்டும் எஃகு உறைகள் ஒருபுறம் ஒதுக்கப்படும். ராணுவ உறைகளில் பிரைமர் கழன்றுவிடாதிருக்கக் குழியின் விளிம்பை நசுக்கியிருப்பார்கள். அதைச் சரிசெய்யாமல் புதிய பிரைமரைத் திணிக்கக் கூடாது. ராணுவ உறைகள் சில அளவுகளில் கனத்த சுவர் கொண்டவை. உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்தைக் குறைந்த இடத்தில் எரித்தால் அழுத்தம் ஏறும். வெளியளவு ஒன்றாக இருப்பதால் உள்ளளவும் ஒன்றுதான் என்று எண்ணிப் பல நிறுவனங்களின் உறைகளைக் கலந்துவிடுவது இதனால்தான் தவறு.

பயிற்சித் தளத்தில் பொறுக்கிய உறைகள் மேல் எழும் ஐயத்துக்கும் இதுவே வேர். அவற்றைச் சுட்டது எந்தத் துப்பாக்கி, எத்தனையாவது முறை, எந்த அழுத்தம் என்று எதுவும் தெரியாது. இயந்திரத் துப்பாக்கியின் அகலமான தோட்டா அறையில் சுடப்பட்ட உறை வழக்கத்துக்கு மேல் நீண்டிருக்கும். அடியில் முழுத் தாங்கல் இல்லாத கைத்துப்பாக்கியில் சுடப்பட்டது அடியருகே புடைத்திருக்கும். அச்சில் அழுத்தினால் இரண்டும் ஒழுங்கான உருவத்துக்குத் திரும்பிவிடும்; உலோகம் பட்ட பாடு மட்டும் திரும்பாது. ஆகவே கவனமானவர்கள் ஒரே துப்பாக்கியில் சுட்ட, ஒரே முத்திரையுள்ள உறைகளை ஒரு கட்டாக வைத்துக்கொள்கிறார்கள். எத்தனை முறை சுட்டோம், எப்போது வெட்டினோம், எப்போது கழுத்தை இளக்கினோம் என்று பெட்டியின் மேல் குறிக்கிறார்கள். இது தனிமனிதர்களின் அதீத எச்சரிக்கை அல்ல. முதல் உலகப் போரில் பிரிட்டனின் 18 பவுண்டர் பீரங்கிகள் சுட்டுத் தள்ளிய பித்தளை உறைகள் போர்முனையிலிருந்து திரட்டப்பட்டு, நாட்டுக்குத் திரும்பி, உருவம் திருத்தப்பட்டு மறுபடி நிரப்பப்பட்டன. ஒவ்வொரு நிரப்பலின் முத்திரையும் அடித்தட்டிலேயே குத்தப்பட்டது. பித்தளைக்குப் பெரும் தட்டுப்பாடு நிலவிய போர்க்காலத்திலும் குறிப்பெழுதும் வேலையை அவர்கள் கைவிடவில்லை. குறிப்பு இல்லாமல் மறுபயன்பாடு இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு எளிமையானது: தொழிற்சாலையில் செய்த புதிய தோட்டா எப்போதும் பாதுகாப்பானது, சில காசுகளை மிச்சப்படுத்த வீட்டில் இந்த வேலை எதற்கு? இதில் பாதி உண்மை. கவனக்குறைவானவர் கையில் புதிய தோட்டாவே நல்லது, சந்தேகமேயில்லை. ஆனால் தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கியிலும் நுழைய வேண்டும் என்பதற்காகச் சற்றுச் சிறிதாகச் செய்யப்படுகிறது. ஒருமுறை சுடப்பட்ட உறை அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியின் அறைக்கேற்ப விரிந்து பொருந்திவிடுகிறது. மிகத் துல்லியமாகக் குறிவைத்துச் சுடும் போட்டிகளில் வெல்பவர்கள் எடைபார்த்துத் தேர்ந்த ஒரு சிறு கட்டு உறைகளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது இதனால்தான். அவர்கள் புதியதை வாங்க முடியாதவர்கள் அல்லர்; வரலாறு தெரிந்த பழையது, வரலாறு தெரியாத புதியதைவிட அவர்களுக்கு நம்பகமானது. அதே நேரத்தில் இந்த வேலை தன்னிறைவு தரும் என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. 2020, 2021 ஆண்டுகளில் அமெரிக்காவில் தோட்டாக்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பிரைமர்களும் கடைகளிலிருந்து காணாமற்போயின. டப்பா டப்பாவாக நல்ல உறைகளை வைத்திருந்தவர்களும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. உடல்நலச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வழக்கமான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருப்பதால், சுட்ட உறைகளை மக்காச்சோளத் தக்கைத் தூளோடு உருட்டிச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியில் ஈயம் இருக்கும். காற்றோட்டமும் கைகழுவலும் குழந்தைகளை அண்டவிடாமையும் கட்டாயம்.

இரண்டாவது மறுப்பு சுற்றுச்சூழல் நோக்கிலிருந்து வருகிறது: பித்தளைதானே, உருக்கினால் மறுபடி பித்தளை, உறையை உறையாகவே காப்பாற்ற ஏன் இவ்வளவு பாடு? உருக்குவது கெடுதல் என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாட்டால் அமெரிக்க நாணயச்சாலை 1943-இல் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்தது. 1944 முதல் 1946 வரை அடித்த காசுகளில் காலித் தோட்டாக்களிலிருந்து மீட்ட உலோகம் சேர்ந்தது. ஆனால் உருக்கும்போது உலோகம் மட்டும் மிஞ்சுகிறது; இழுத்தும் இளக்கியும் அளந்தும் அதில் போட்ட வேலை அத்தனையும் கரைந்துபோகிறது. உருவத்தைக் காப்பாற்றினால் அந்த உழைப்பும் ஆற்றலும் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியும் உண்டு. 1943-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் ஃப்ரெட் ஹண்டிங்டன் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் முதல் கருவி, .22 ரிம்ஃபயர் காலி உறைகளைக் குண்டுகளின் மேலுறையாக மாற்றப் பயன்பட்டது. அந்த உறையில் பிரைமர் கலவை விளிம்புக்குள்ளேயே இருப்பதால் அதை வீட்டில் மறுபடி நிரப்புவது வழக்கமில்லை. ஆனாலும் அது வேறொன்றாக வாழ முடிந்தது. மறுபயன்பாடு ஒரு படிவரிசை: தகுதியுள்ள உறை உறையாகவே தொடரட்டும், தகுதியிழந்தது வேறு உருவம் எடுக்கட்டும், எதற்கும் உதவாதது உலைக்குப் போகட்டும். முதல் படியில் இடமில்லாததை அங்கேயே பிடித்துவைக்க முயல்வதுதான் தவறு. உலைக்குப் போகும் உறை வீணானதில்லை. அதைக் கழித்தவர் எதையும் இழக்கவில்லை.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். தோட்டா உயிரைப் பறிக்கும் பொருள். அதைத் தனிமனிதர்கள் வீட்டில் தயாரிப்பதை ஒரு கைத்தொழிலாகப் புகழலாமா? ஒவ்வொரு நாடும் இதற்குத் தன் வரலாற்றையும் அச்சத்தையும் ஒட்டி விடை எழுதிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அந்தக் கட்டுப்பாடு சரியானது என்பதே என் நிலைப்பாடு. அமெரிக்காவிலும் இந்தக் கேள்வி முடிந்துபோனதல்ல. 2009 மார்ச்சில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ராணுவத்தின் காலி உறைகளை நசுக்காமல் விற்கக் கூடாது என்று முடிவெடுத்தது. மறுபயன்பாட்டாளர்களும் மாண்டானா மாநிலத்தின் செனட்டர்களான மேக்ஸ் பாக்கஸ், ஜான் டெஸ்டர் இருவரும் எதிர்ப்புத் தெரிவித்ததும் சில நாள்களிலேயே பின்வாங்கியது. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இந்த வேலை நடக்கத்தான் போகிறது; நடக்கும் வேலை அலட்சியத்தோடு நடப்பதைவிட அறிவோடு நடப்பது எல்லோருக்கும் நல்லது. நம் நாட்டு வாசகருக்கு ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. சுடுதளங்களின் அருகே பழைய உலோகம் பொறுக்குபவர்கள் வெடிக்காத பொருளையும் வெற்று உறை என்று எண்ணிக் கையில் எடுத்துவிடும் ஆபத்து உண்டு. வரலாறு தெரியாத உறையைத் தொடாதே என்ற விதி அங்கே உயிர்காக்கும் விதி.

இந்த விதி தோட்டாவோடு நின்றுவிடுவதில்லை. நம் வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டர் பலமுறை நிரப்பப்படும் உறைதான். அதன் கழுத்துப் பட்டையில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அடுத்த சோதனை எந்த ஆண்டின் எந்தக் காலாண்டில் என்று அது சொல்கிறது. சிலிண்டர் வீட்டுக்கு வீடு மாறினாலும் அதன் வரலாறு அதனோடு பயணம் செய்கிறது. தேறாததைக் கழிக்க ஓர் அமைப்பு பொறுப்பேற்கிறது. வீட்டுப் பட்டறையில் தோட்டா நிரப்புபவருக்கு அப்படி ஓர் அமைப்பு இல்லை. குறிப்பெழுதுபவர், சோதிப்பவர், கழிப்பவர் மூவரும் அவரே. அதனால்தான் இந்தக் கைத்தொழிலில் கைத்திறனைவிட மனத்திண்மை முக்கியமாகிறது: பளபளப்பான, செலவு செய்து வாங்கிய, இன்னும் ஒருமுறை தாங்கிவிடலாம் என்று தோன்றுகிற உறையை ஐயத்தின் பேரிலேயே ஒதுக்கும் திண்மை.

மறுபயன்பாட்டைப் பற்றி நாம் இன்று நிறையப் பேசுகிறோம். பழைய மின்கலன், பழைய டயர், பழைய மருத்துவக் கருவி, பழைய கட்டடக் கம்பி என்று எல்லாவற்றையும் மறுபடி பயன்படுத்தச் சொல்கிறோம். அவற்றின் அளவைக் கணக்கிட்டு மகிழ்கிறோம். எவ்வளவு மறுபடி பயன்பட்டது என்று கேட்பதோடு, எவ்வளவு சோதித்துக் கழிக்கப்பட்டது, எந்த ஆதாரத்தின் பேரில் மீதி ஏற்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல முடியாத மறுபயன்பாட்டுத் திட்டம், ஆபத்தை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு மலிவு விலையில் கைமாற்றும் வேலையைத்தான் செய்கிறது. பழைய பொருளை விற்பவர் அதன் குறிப்பேட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குறிப்பேடு இல்லாவிட்டால் வாங்குபவர் அதை மூலப்பொருளின் விலைக்கு மேல் மதிக்கக் கூடாது. பித்தளை உறையோடு ஒன்றரை நூற்றாண்டாகப் பழகியவர்கள் விரிசல்களிலிருந்தும் விபத்துகளிலிருந்தும் கற்ற ஒழுக்கம் இது. அதை மற்றத் துறைகள் மறுபடி விபத்துகளின் வழியே கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.